சீமைக்குப் போய் வந்த பெட்டி

மைனி,

பெட்டியை இன்றைக்கும் திறந்தேன். இரண்டு வாரமாக இதே வேலைதான். திறக்கிறேன், உள்ளே பார்க்கிறேன், மூடுகிறேன். திறந்ததும் முதலில் தேயிலைத் தூள் மணக்கிறது. அதற்குப் பின்னால் உள்பக்கம் அடித்த ஈயத் தகட்டின் வாடை. எல்லாவற்றுக்கும் பிறகு, மூலையில் மூக்கை வைத்தால், நார்த்தங்காய் ஊறுகாய். இருபது வருஷமாகியும் அந்த மணம் போகவில்லை என்று நம் பிள்ளை எஸ்தரிடம் சொன்னேன். அவள் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்துவிட்டு, வெறும் தேயிலைதான் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும், அந்த ஊறுகாயைப் போட்டவள் நான்.

திங்கட்கிழமை நான் மலை இறங்குகிறேன், மைனி. பர்மாவுக்குப் போகிறேன். நீங்கள் போகவிருந்த அதே குஷ்டரோகிகள் இல்லத்துக்கு, ஐந்து வருஷத்துக்கு. சம்பளம் கிடையாது, சோறும் தங்க ஓர் அறையும் தருவார்கள். நாற்பத்து மூன்று வயதில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேர் கேட்பதில்லை, அவர்கள் உங்களைத் தெரிந்தவர்கள். நீங்கள் கண்ணை மூடிப் பதினொரு மாதம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்துக்கு வந்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே வந்தால் அழுதுவிட்டுத் திரும்பிவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன். நீங்கள் இருந்தபோது உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத ஒன்றை எழுத்திலாவது சொல்லிவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் மூணாறு மலைக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு, உங்களுக்கு முப்பது இருக்கும். லயத்தில் நமக்கு ஒரே ஓர் அறை. நடுவில் மறைப்புக்கு ஒரு கம்பளியைக் கட்டிவிட்டு நீங்கள் அடுப்புப் பக்கம் படுத்துக்கொண்டீர்கள். கல்யாணமான வருஷமே புருஷனை இழந்து, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறி, கொழுந்து பறித்தே அவரை ஆளாக்கியவர் நீங்கள். அப்படிப்பட்ட நாத்தனார் சும்மா விடமாட்டாள், பார்த்து நடந்துகொள் என்று என் அம்மா திருநெல்வேலியிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தாள். நானும் ஒரு மாதம் அந்தக் கொடுமைக்காகக் காத்திருந்தேன். அது வருகிற வழியாக இல்லை. காத்திருந்தே அலுத்துப்போய், இரண்டாம் மாதத்திலிருந்து உங்களோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் யூகலிப்டஸ் மரங்களுக்குள் ஒரு குடிசை இருந்தது. அதில் ஒரு குஷ்டரோகி தனியாக இருந்தார். முன்பு நம் லயத்தில் இருந்தவர்தான். எல்லாரும் ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த பாறையில் அவருக்குச் சோற்றை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அந்தச் சோற்றை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டியவர் நீங்கள் ஒருவர்தான். டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணீரும் துணியும் கேட்டு வாங்கிக்கொண்டு ஞாயிறுதோறும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் போவீர்கள். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும். அவ்வளவு நேரம் என்ன செய்கிறீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"புண்ணு கழுவப் பத்து நிமிசந்தான் புள்ள. மிச்சமெல்லாம் அவரு பேச்சக் கேக்கிறது. பேச ஆளில்லாமத்தான் அந்த மனுசன் பாதி செத்துட்டாரு" என்றீர்கள்.

அவர் இறந்த மூன்றாம் மாதம் சபை உபதேசியார் கோயிலில் ஒரு கடிதத்தை வாசித்தார். பர்மாவில் ஓர் ஆற்றங்கரையில் மிஷன்காரர்கள் நடத்தும் குஷ்டரோகிகள் இல்லத்திலிருந்து வந்த கடிதம். நெல் அறுக்கப் போய், அங்கேயே நோய் கண்டு, ஊர் திரும்ப வழியில்லாமல் கிடக்கும் தமிழர்கள் அந்த இல்லத்தில் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்களாம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்கு வேறெதுவும் தெரியாது. புண் கட்டவும் கூட இருந்து பேசவும் தமிழ் பேசும் ஒரு பெண் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். உபதேசியார் பாதி வாசிக்கும்போதே நீங்கள் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டீர்கள். கடிதம் இன்னும் முடியவில்லை, உட்காரம்மா என்றார் அவர்.

"நீங்க முடிங்கய்யா. நான் நின்னுக்கிட்டே கேக்கேன்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நீங்கள் பண்ணிய ஆயத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பர்மா வெயில் ஆளைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கம்பளி இல்லாமல் காலையில் வெளியே தலைகாட்ட முடியாத மலைக்காரி நீங்கள், வெயிலை எங்கே போய்ப் பழகுவது? ஃபாக்டரியில் தேயிலையை உலர்த்தும் டிரையர் அடுப்பின் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் அரைமணி நேரம் போய் உட்கார்ந்தீர்கள். டீமேக்கர் முதல் வாரம் துரத்தினார், இரண்டாம் வாரம் சிரித்தார், மூன்றாம் வாரத்திலிருந்து உங்களுக்கென்று ஒரு முக்காலி போட்டு வைத்தார். வேர்க்க வேர்க்க ஜெபப் புத்தகத்தோடு நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ரங்கூனில் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பியிருந்த ஒருவரிடம் பர்மியப் பேச்சு படித்தீர்கள். ஏழு சொல் சொல்லிக்கொடுத்தார். அதில் நாலு வசவு என்பது உபதேசியார் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காலில் செருப்போ பூட்ஸோ இல்லாமல் நடக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள் என்பதற்காகத் துரை வீட்டு ஆயாவிடம் பழைய பூட்ஸ் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் போவதும் வருவதுமாக இருந்தீர்கள். கோழிகள் உங்களைக் கண்டு ஓடின.

இந்த மாதம் நானும் அதே வாசலில் பூட்ஸோடு நடக்கிறேன். இப்போதும் கோழிகள் ஓடுகின்றன.

இனி பெட்டிக்கு வருகிறேன். நம் மலையில் ஒருவருக்கும் தகரப் பெட்டி கிடையாது. பலகை பிளந்துபோன தேயிலைப் பெட்டிகளை ஃபாக்டரியில் கழித்துப் போடுவார்கள். அதுதான் அரிசிப் பெட்டி, அதுதான் மேஜை, பிள்ளை பிறந்தால் அதுதான் தொட்டில். வீட்டில் இருக்கிறவரை அதன்மேல் அடித்த எஸ்டேட் குறியை யாரும் தொடுவதில்லை. ஆனால் மலையை விட்டு இறங்கிப் போகிறவர்கள் முதலில் செய்யும் வேலை கண்ணாடிச் சில்லை எடுத்து அந்தக் கறுப்புக் குறியைப் பலகை வெளுக்கும் வரை சுரண்டுவது. ஏனென்றால் போகிறவர்களின் பெட்டியும் தேயிலைப் பெட்டிகளோடு சேர்ந்துதான் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்பில், அந்த நீண்ட இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு, அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். கீழே குறி இல்லாத பெட்டியை ஆட்களுடையது என்று தனியே எடுத்து வைப்பார்கள். குறி இருக்கிற பெட்டி வண்டியேறித் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து சீமைக்கும் போய்விடும். இதை நம் மலையில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

உங்கள் பெட்டியின் குறியைச் சுரண்டும் வேலையை நீங்கள் என்னிடம் தந்தீர்கள். உங்களுக்கு அன்று ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் உங்கள் பெயரை நீக்கச் சொல்லவேண்டியிருந்தது. நான் லயத்து வாசலில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிச் சில்லோடு உட்கார்ந்தேன்.

மைனி, அப்போது எனக்கு மூன்று மாதம். உங்கள் தம்பியிடம்கூட நான் சொல்லவில்லை. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. இரண்டாவது மூன்று நாள் இருந்தது. இரண்டு தடவையும் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தவை உங்கள் கைகள்தான். இரண்டு குழியையும் வெட்டச் சொல்லி, துணி சுற்றி, கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவரும் நீங்கள்தான். மூன்றாவது தடவை அந்தக் கைகள் இல்லாமல் நான் எப்படிப் பெறுவேன் என்று ஒவ்வொரு நாளும் பயந்து செத்தேன். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் அந்த நிமிஷமே பூட்ஸைக் கழற்றியிருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். அதனாலேயே சொல்ல முடியவில்லை. எட்டு மாதம் அடுப்புப் பக்கத்தில் வெந்த ஒருத்தியைப் போகாதே என்று சொல்லித் தடுத்தவள் என்ற பெயரைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை.

கண்ணாடிச் சில்லைக் குறிமேல் ஒரு தடவைகூட வைக்கவில்லை. எழுந்துபோய் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து குறிமேல் பூசினேன். இரண்டு பூச்சில் பலகை பளிச்சென்று வெளுத்துவிட்டது. அதன்மேல் கரியால் உங்கள் பெயரை எழுதினேன். தூரத்தில் பார்த்தால் சுரண்டியது மாதிரியேதான் இருந்தது. அது ஆனி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கம்பியில் தொங்கிப் போகிற பெட்டி எவ்வளவு நனையும், சுண்ணாம்பு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னையே நம்பவைக்க நான் பல வருஷம் முயன்று பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் வழியனுப்பு ஜெபம் நடந்தது. ஆளாளுக்கு ஏதோ கொண்டுவந்து கொடுத்தார்கள்: ஒருத்தி ஏலக்காய், ஒருத்தி பின்னிய தொப்பி, பர்மாவில் காணாமல்போன தன் அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒருத்தி ஒரு வேட்டி. நான் ஊறுகாய் ஜாடி. எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. டாக்டர் சர்டிபிகேட்டையும் மிஷன் கடிதத்தையும்கூட நீங்கள் பெட்டியில்தான் வைத்தீர்கள். மழையில் இறங்கிப் போகும்போது மடியில் வைத்தால் ஊறிப்போகும், ஈயத் தகடு அடித்த பெட்டிதான் பத்திரம் என்றீர்கள். நம் மலையில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். அந்தக் காகிதங்கள் உள்ளே போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

நீங்கள் குறுக்குப் பாதையில் நடந்து இறங்கினீர்கள். பெட்டி கம்பியில் இறங்கியது. அடிவாரத்துப் போடியில் சபையார் ஒருவர் வீட்டில் தங்கிப் பெட்டிக்காக நாலு நாள் காத்திருந்தீர்கள். பெட்டி வரவில்லை. காகிதம் இல்லாமல் மெட்ராஸில் கப்பலேற்ற மாட்டார்கள். உங்களோடு கப்பலேறவிருந்த மிஷன் ஆட்கள், கப்பல் நாள் தப்பிவிடும் என்று கிளம்பிவிட்டார்கள். ஏழாம் நாள் சாயங்காலம் முழங்காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் வழிய, சேலையிலிருந்து தண்ணீர் சொட்ட, லயத்து வாசலில் வந்து நின்றீர்கள். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். வழியனுப்பு ஜெபம் பண்ணி அனுப்பிய ஆள் ஒரே வாரத்தில் திரும்பி வந்தால் அதற்கென்று ஒரு ஜெபம் இல்லையே. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி மெல்ல, பர்மா எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"போடி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றீர்கள்.

லயமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். உள்ளே வந்து கம்பளி மறைப்புக்கு அந்தப் பக்கம் போன பிறகு நீங்கள் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. அந்தத் தண்ணீர் சத்தம்தான் எனக்குக் கிடைத்த தண்டனை. ஒரு சொல் திட்டியிருந்தால் அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அடுப்படியில் நான் வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். சொன்னேன். விரல்விட்டு எண்ணினீர்கள். நீங்கள் கிளம்பும்போதே எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது என்பது அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்கும். என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். "கஞ்சி ஆறுது, குடி" என்று மட்டும் சொன்னீர்கள்.

மார்கழியில் எஸ்தர் பிறந்தாள். டிஸ்பென்சரியில் மருந்து தரும் டிரெஸ்ஸர் வேறு எஸ்டேட்டுக்குப் போயிருந்த நாள். கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நீலமாக, சத்தமில்லாமல் வந்தாள். மூன்றாவதும் போயிற்று என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நீங்கள் திரும்பவில்லை. கொடியை எடுத்தீர்கள், வாயைத் துடைத்தீர்கள், வாயோடு வாய் வைத்து ஊதினீர்கள், முதுகைத் தேய்த்தீர்கள், மறுபடியும் ஊதினீர்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் கத்தினாள். அந்த மாதிரி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. வெந்நீரில் அவளைக் கழுவிக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "கப்பலேறியிருந்தா இந்நேரம் நான் பர்மா வெயில்லதான் வெந்துக்கிட்டுக் கெடப்பேன்."

எஸ்தர் உட்காரப் பழகிய சமயத்தில் பெட்டி திரும்பி வந்தது. பதினொரு மாதம் கழித்து, லண்டன் கிடங்குவரை போய்விட்டு. அதோடு வந்த ஆங்கிலக் கடிதத்தை ஆபீஸ் கிளார்க் நமக்குத் தமிழில் சொன்னார். தேயிலை என்று திறந்தவர்கள் உள்ளே இரண்டு வெள்ளைச் சேலையையும் பைபிளையும் ஒரு தொப்பியையும் கண்டு திகைத்துப்போய், விசாரித்து, யாருடையதோ பாவம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். சேலைகளைத் துவைத்து, நமக்குத் தெரியாத ஏதோ ஒரு மடிப்பில் மடித்து, நடுவில் ஒரு வாசனைச் சோப்பும் வைத்திருந்தார்கள். சீமைக்குப் போய் வந்த பெட்டியைப் பார்க்க மூன்று எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நீங்கள் ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்தீர்கள். பாதி இல்லை. அதன்பிறகு எத்தனையோ வருஷம், சாப்பிட உட்காரும்போதெல்லாம், சீமையில் எந்த மகராசன் நம் நார்த்தங்காயைத் தின்றானோ, அவன் நாக்கு என்ன ஆயிற்றோ என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

ஆனால் ஜாடியைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் செய்த ஒன்றை நான் மட்டும் பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் அந்தக் கறுப்புக் குறி ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது. நீங்கள் அதன்மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கவனத்தில் படவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இருபது வருஷம் அந்தச் சௌகரியத்தில்தான் இருந்தேன்.

பர்மாவிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தபோது பிள்ளை நடக்கட்டும் என்றீர்கள். அடுத்ததற்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்றீர்கள். பிறகு அவர்கள் எழுதவில்லை. நீங்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எஸ்டேட்டுக்கே மருத்துவச்சி ஆனீர்கள். உங்கள் தம்பி காய்ச்சலில் போன பிறகு, எஸ்தரை உங்களிடம் வைத்துக்கொண்டு, என்னைக் கீழே மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலை படிக்க அனுப்பினீர்கள். இரண்டு வருஷம் கழித்து எஸ்டேட் டிஸ்பென்சரிக்கே நர்ஸாக நான் வந்தபோது அவள் உங்கள் நடையே நடந்தாள், உங்களைப் போலவே இடுப்பில் கைவைத்துப் பேசினாள். எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வருஷம் நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது பர்மாவிலிருந்து மறுபடி ஒரு கடிதம் வந்தது. அதே இல்லம், அதே தேவை. புது உபதேசியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கு வாசித்துக் காட்டினார். அவர் போன பிறகு நீங்கள் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"பெட்டி சும்மாத்தான கெடக்கு, புள்ள" என்றீர்கள்.

அவ்வளவுதான் சொன்னீர்கள். வேறு யாராவது என்னைப் போகச் சொல்லியிருந்தால் நான் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். அதற்குப் பத்து நாள் கழித்து உங்களை அடக்கம் பண்ணினோம். ஈஸ்டருக்குப் பிறகு எஸ்தருக்குக் கல்யாணத்தை முடித்தேன். மாப்பிள்ளையும் அவளைப் போல எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அடுத்த லயத்தில் இருக்கிறார்கள். அம்மை குத்திக்கொண்டேன், காகிதங்கள் வந்துவிட்டன, சேலைகள் துவைத்து வைத்தாயிற்று. எல்லாம் தயார், அந்தக் குறியைத் தவிர. தினமும் கண்ணாடிச் சில்லை எடுக்கிறேன், கை ஓடமாட்டேன் என்கிறது. இருபத்திரண்டு வயதில் செய்யாமல் விட்டதை இப்போது செய்தால், அன்றைக்கே செய்திருக்கலாமே என்று அந்தப் பலகையே கேட்கும் போலிருக்கிறது.

ஆகவே சொல்லிவிட்டேன், மைனி. உங்கள் பெட்டியைச் சீமைக்கு அனுப்பியவள் நான்தான். மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நிற்கிறது. செய்ததற்காக வருத்தப்பட வேண்டுமானால் எஸ்தர் இருப்பதற்காகவும் நான் வருத்தப்பட வேண்டும். அது என்னால் ஆகிற காரியம் இல்லை. உங்களிடமிருந்து பர்மாவைத் திருடினேன், அதற்குப் பதிலாக எனக்கு மகள் கிடைத்தாள். இதை எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று இவ்வளவும் எழுதி மடித்து வைத்துவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். இன்று மேலும் எழுத வேண்டியதாகிவிட்டது.

இன்று சனிக்கிழமை. காலையில் டிஸ்பென்சரி சாவியை ஒப்படைத்துவிட்டு மத்தியானம் லயத்துக்குத் திரும்பினேன். வாசலில் வெயிலில் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. எஸ்தர் அதற்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாதிக் குறி போயிருந்தது. அவள் மடியெல்லாம் கறுப்புத் தூள். அழுதுகொண்டே சுரண்டியிருக்கிறாள், கன்னத்திலும் கறுப்பு இழுத்துவிட்டிருந்தது. நான் சொல்லவே இல்லையே, உன்னை யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவள் கையை நிறுத்தவில்லை. "அத்தை சொல்லிட்டுத்தான் போனாவ" என்றாள். "'உங்கம்மைக்கு இந்தக் குறியச் சுரண்டக் கை வராது. அவ பெட்டி எடுக்கிற அன்னைக்கு நீ சுரண்டிரு'ன்னு."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் கை வராதுன்னு நானும் கேட்டேன்" என்றாள் எஸ்தர். "அத்தை சிரிச்சாவ. 'அன்னைக்கு அவ சுரண்டாம விட்டதுனாலதாம்ட்டி இன்னைக்கு நீ இருக்கே'ன்னாவ. எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லும்மா."

மைனி, நீங்கள் இருபது வருஷமாகத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு விரல்விட்டு மாதத்தை எண்ணியபோதோ, குறிமேல் விரலைச் சுற்றியபோதோ தெரிந்துகொண்டு, எனக்குத் தெரியாமல் அதை வைத்துக்கொண்டு, ஊறுகாயைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நான் ஒருத்தி இங்கே தினமும் மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பையும் சொன்னேன், புதைத்த இரண்டு பேரையும் சொன்னேன், நீலமாக அவள் வந்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சுரண்டினாள். முடிந்ததும் ஓரமெல்லாம் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, மழையில் மறுபடியும் தெரிந்துவிடக் கூடாதே என்று இன்னொரு தடவை சுரண்டினாள். அவளுக்கு நான் போவதில் இஷ்டம் இல்லை, அவள் முகத்திலேயே தெரிகிறது. சொல்லவும் இல்லை, சுண்ணாம்பைத் தேடிப் போகவும் இல்லை. பெற்றவள் நானாக இருக்கலாம், வளர்த்தவர் நீங்கள் என்று அப்போது நன்றாகத் தெரிந்தது.

பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். உங்கள் வெள்ளைச் சேலைகள் இரண்டும் அடியில் இருக்கின்றன, அவற்றைத்தான் அங்கே உடுத்தப் போகிறேன். லண்டன்காரர் மடித்த மடிப்பை நான் கலைக்கவில்லை. இந்த வருஷத்து நார்த்தங்காயில் ஒரு ஜாடி போட்டு வைத்திருக்கிறேன். காகிதங்களை மட்டும் மெழுகுத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போகிறேன், நனைந்தால் நனையட்டும். அங்கே போய் முதல் புண்ணைக் கழுவப் பத்து நிமிஷம் ஆகும். மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து கேட்பேன்.

குறி இருந்த இடம் இப்போது வெளுத்து, விரல் வைத்தால் தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் குழிந்திருக்கிறது. அந்தக் குழிவில் சிவப்புப் பெயிண்டால் என் பெயரையும் போகிற ஊரின் பெயரையும் எழுதினாள் உங்கள் பிள்ளை. பெயிண்ட் காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கோழி மிதித்துவிடாமல்.